வீட்டில் இயற்றும் விமானமும் அதற்குக் கருவி கொள்ளும் வகையும்

பறவையைப்போல் வானிற் பறக்க வேண்டுமென்னும் அவா மக்கட்குத் தொன்றுதொட்டு உள்ளது. இந்நாளில் சீட்டு வாங்கி விமானத்தில் ஏறி அமர்வதனால் அவ்வவா ஒருவாறு நிறைவேறுகின்றது. ஆயினும், தம் கையாலேயே ஒரு சிறு விமானத்தை இயற்றி, அதிலேறித் தாமே செலுத்திப் பறத்தலை வாழ்நாள் நோக்கமாகக் கொண்டோர் மேனாடுகளிற் பலர் உளர். இவர்கள் பெருந்தொழிற்சாலை உடையவர் அல்லர். பள்ளி ஆசிரியர், மருத்துவர், தச்சர், எழுத்தர் முதலிய பல தொழிலினரும் இவருள் அடங்குவர். பகலெல்லாம் தத்தம் அலுவல் பார்த்து, மாலை வேளையிலும் விடுமுறை நாட்களிலும் வீட்டு மோட்டார்க் கொட்டகையிலோ நிலவறையிலோ இருந்துகொண்டு, ஆண்டுக்கணக்காக உழைத்து விமானம் ஒன்றை உருவாக்குகின்றனர். இத்தகையோர் ஐரோப்பாக் கண்டத்தில் முதன்முதல் எதிர்ப்படும் இடர் யாது? எஞ்சினைப் பற்றியதும் அன்று, சிறகைப் பற்றியதும் அன்று, கருவிகளைப் பற்றியதேயாம். எக்கருவியை, எங்கே, எப்பொழுது வாங்குவது என்னும் வினா சிறிதாகத் தோன்றினும், பொருளும் உயிரும் அதனுள் அடங்கிக் கிடக்கின்றன. அதனை ஈண்டு நாம் சிறிது விளக்கப் புகுகின்றோம்.

வீட்டில் விமானம் இயற்றும் முயற்சி ஐரோப்பாவுக்குப் புதிதன்று. பிரேசில் தேசத்தவராய்ப் பாரிஸ் மாநகரில் வாழ்ந்த ஸான்டோஸ் டுமாண்ட் என்பார், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூங்கிலும் பட்டும் கொண்டு 'டெமுவாசெல்' என்னும் சிற்றூர்தியை அமைத்து, அதன் வரைபடங்களை எவரும் பயன்கொள்ளுமாறு விட்டுக்கொடுத்தார். 1933-ல் ஆன்ரி மின்யே என்னும் பிரெஞ்சுக்காரர் தாம் அமைத்த மரவிமானத்திற் பறந்தார். 'வானத்துப் பேன்' எனப் பொருள்படும் பெயர் பூண்ட அவ்விமானத்தை இயற்றும் முறையை மறு ஆண்டிலே நூலாகவும் வெளியிட்டார். அந்நூலைக் கண்ட பொதுமக்கள் பிரான்சிலும் இங்கிலாந்திலும் ஆர்வத்தோடு மரத்தை அறுக்கத் தொடங்கினர். ஆயின், அவ்விமானங்கள் சில, மூக்குக் கீழ்நோக்கிய பின் மீளமாட்டாமல் வீழ்ந்து உயிர்களைக் கொண்டன. 1936-ல் காற்றுக் குகைகளில் வைத்துச் சோதித்த பொழுது, முன்சிறகும் பின்சிறகும் ஒன்றன் காற்றை ஒன்று கெடுத்தலே காரணம் என்பது புலப்பட்டது. அவ்விமானங்கள் பறத்தலும் தடுக்கப்பட்டது. ஆர்வம் வேண்டும், ஆயினும் அளந்து பாராத ஆர்வம் கேடு சூழும் என்பதை அந்நிகழ்ச்சி எல்லார்க்கும் உணர்த்திற்று.

இரண்டாம் உலகப்போருக்குப் பின்னர் இம்முயற்சி செம்மையுற்றது. 1948-ல் ஜோலி, டெலெமோன்டே என்னும் பிரெஞ்சுக்காரர் இருவர் தம் பெயர்களை இணைத்து 'ஜோடெல்' எனப் பெயரிட்ட மரவிமானம் பறந்தது. அதன் வழிவந்தவை இன்றும் பலருடைய கொட்டகைகளில் உருவாகின்றன. 1970-களில் அமெரிக்காவின் ஆரிகன் மாகாணத்தில் வான்குருன்ஸ்வன் என்பார் தொடங்கிய தொழிலகம், அலுமினியத் தகடுகளை வெட்டித் துளையிட்டுப் பெட்டிகளில் அடைத்து உலகெங்கும் அனுப்பலாயிற்று. அவ்வாறு வாங்கி முடிக்கப்பட்டுப் பறந்தவை 10,000-க்கும் மேற்பட்டன. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2018-ம் ஆண்டு விமானச் சட்டமும் இவர்களுக்கு இடமளித்துள்ளது. வாணிக நோக்கமின்றித் தம் பயன் கருதி, 51 விழுக்காட்டுக்குக் குறையாத பகுதியைத் தாமே இயற்றுவாராயின், அவ்விமானம் ஒன்றியத்தின் பொதுவிதிகளுக்கு உட்படாது அந்தந்த நாட்டின் விதிகளுக்கே உட்படும் என்பது அச்சட்டத்தின் கருத்து. ஆகவே, கருவி பிடிக்க வேண்டியவர் விமானத்துக்கு உரியவரே. பிறர் கையால் முடித்துக்கொள்ளல் ஈண்டுச் செல்லாது.

இனி, கருவிகளைப் பற்றி ஆராய்வோம். கருவி வாங்கக் கடைக்குப் போகுமுன் ஒருவன் தன்னையே கேட்க வேண்டிய வினா ஒன்று உண்டு: 'நான் இயற்றப் போவது எத்தகைய விமானம்?' மரவிமானமாயின், வாள், இழைப்புளி, உளி, பசை, பற்பல பிடிகருவிகள் ஆகியவையே பெரும்பாலும் வேண்டப்படும். இவற்றை ஐரோப்பாவின் எந்த ஊர்ச் சந்தையிலும் வாங்கிவிடலாம். அலுமினிய விமானமாயின் இரு வகை உண்டு. ஒரு புறமிருந்தே இழுத்து முடுக்கும் குழல் ஆணிகளால் பெரும்பாலும் இணைக்கப்படுவது ஒருவகை. அதற்குக் கருவிகள் சிலவே போதும். தலையும் தண்டும் கெட்டியாயுள்ள தறையாணிகளால் இணைக்கப்படுவது மற்றொரு வகை. பட்டறைகளில் ரிவெட்டு என வழங்குவது இத்தறையாணியே. ஒருபுறம் காற்றுச் சுத்தியலால் தட்ட, மறுபுறம் கனத்த உருக்குக் கட்டையைத் தாங்கிப் பிடிக்க, ஆணியின் வால் நசுங்கித் தட்டையாகி இரு தகடுகளையும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். ஆரிகனிலிருந்து வரும் பெட்டிகளுட் பெரும்பாலானவை இவ்வகையின. ஐரோப்பியர் கருவி தேடி இடர்ப்படுவதும் இவ்வகையிலேதான். ஆதலின், இதனையே எடுத்துக்கொள்வோம்.

அவ்விடர்க்கு அடிப்படை அளவு வேற்றுமை. பிரான்சு தேசத்தார் 1795-ல் மீட்டர் முறையைச் சட்டமாக்கினர். காலப்போக்கில் ஐரோப்பாக் கண்டம் முழுதும் அதனைக் கைக்கொண்டது. அமெரிக்க விமானத் தொழிலோ அங்குலத்தையே பற்றி நிற்கின்றது. ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர் என்று 1959-ல் ஆங்கிலம் பேசும் நாடுகள் உடன்பட்டு வரையறுத்தமையால், கணக்கில் மாற்றுதல் எளிதே. ஆயின், கணக்கில் மாறுவது கடையில் மாறுவதில்லை. மில்லிமீட்டருக்கென வார்த்த கருவி அங்குல ஆணிக்கு ஒட்டாது. ஒட்டுவதுபோல் தோன்றி ஒட்டாமல் இருத்தலே பெருங்கேடு. சான்றுகள் சில காட்டுவோம்.

முதலாவது, துளையிடும் அலகு. இவ்விமானங்களில் மிகுதியாகப் பயன்படும் தறையாணிகள் இரண்டு: ஓர் அங்குலத்தில் 32-ல் 3 பங்கு, அஃதாவது 2.38 மில்லிமீட்டர் தடிப்புள்ளது ஒன்று. 8-ல் ஒரு பங்கு, அஃதாவது 3.175 மில்லிமீட்டர் தடிப்புள்ளது மற்றொன்று. முதலாவதற்கு 40-ம் எண் அலகும் இரண்டாவதற்கு 30-ம் எண் அலகும் வேண்டும். எண் ஏற ஏற அலகு மெலியும் என்பதையும் நினைவிற் கொள்க. 40-ம் எண் அலகின் அளவு 2.489 மில்லிமீட்டர், ஐரோப்பியக் கடையில் கிடைக்கும் 2.5 மில்லிமீட்டர் அலகு அதனோடு ஏறக்குறைய ஒத்துவிடுகின்றது. இதனைக் கண்டு மகிழ்ந்து 30-ம் எண்ணுக்கும் அவ்வாறே செய்யப் புகின் ஏமாற்றமே மிஞ்சும். அதன் அளவு 3.264 மில்லிமீட்டர். வீட்டுக்கருவிக் கடைகளில் விற்கும் பேழைகளில் அலகுகள் பெரும்பாலும் அரை மில்லிமீட்டர் ஏற்றத்தில் அடுக்கப்பட்டிருக்கும். 3.0 அலகால் இட்ட துளையில் ஆணி நுழையாது, 3.5 அலகால் இட்ட துளையிலோ ஆணி தளர்ந்து ஆடும். தளர்ந்த துளையிலிட்டுத் தட்டிய ஆணியின் தண்டு, துளையை நிரப்புதற்கு மாறாக வளைந்து கோணிவிடும். வெளியே தலை அழகாகவே தோன்றும்; உள்ளே பிடிப்பு இராது.

இரண்டாவது, கோணம். விமானத்தின் மேற்புறம் காற்றைத் தடுக்காது வழுவழுப்பாய் இருக்க வேண்டுமாதலின், ஆணித்தலை தகட்டுக்குள் அமுங்கி நிற்கும்படி கூம்பு வடிவமான குழிவு செய்வர். அமெரிக்க விமானத் தறையாணியின் கூம்பு 100 பாகைக் கோணமுடையது. ஐரோப்பியச் சந்தையில் விற்கும் குழிவலகோ, மில்லிமீட்டர்த் திருகாணிகளுக்கென 90 பாகைக் கோணத்தில் தீட்டப்பட்டது. இவ்விரண்டையும் மேசைமேல் அருகருகே வைத்துப் பார்ப்பார்க்கு வேற்றுமை எளிதிற் புலனாகாது. 90 பாகைக் குழிவில் 100 பாகைத் தலையை அமர்த்தினால், தலை முழுதும் பொருந்தாது விளிம்பில் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும். எஞ்சின் அதிர்ச்சியாலும் காற்றின் இழுப்பாலும் வரும் பளுவெல்லாம் அவ்விளிம்பிலே தங்கும். நாளடைவில் ஆணி தளரும். தகட்டிற் கீறல் விழும்.

மூன்றாவது, ஸ்பானர். அமெரிக்க விமான போல்ட்டுகளுட் சிறியதாய்ப் பெருவழக்குடையது 16-ல் 3 பங்கு அங்குலத் தண்டுடையது. அதன் தலைக்கு 8-ல் 3 பங்கு அங்குல ஸ்பானர், அஃதாவது 9.525 மில்லிமீட்டர் ஸ்பானர் வேண்டும். கையிலுள்ள 10 மில்லிமீட்டர் ஸ்பானரை மாட்டினால் அது வழுக்கித் தலையின் மூலைகளை மழுக்கிவிடும். அடுத்த போல்ட்டுக்கு வேண்டுவது 11.11 மில்லிமீட்டர், 11 மில்லிமீட்டர் ஸ்பானரோ அதன்மேல் ஏறாது. 'அங்குல ஸ்பானர்தானே வேண்டும், இங்கிலாந்துப் பழஞ்சந்தையிற் கிடைக்குமே' என்று கருதி வாங்குவார்க்கும் ஒரு பொறி உண்டு. 1841-ல் விட்வொர்த் என்னும் ஆங்கிலப் பொறிவலாளர் வகுத்த முறைப்படி செய்த பழைய ஸ்பானர்களில், ஸ்பானர் வாயின் அகலம் பொறிக்கப்படாது, போல்ட்டுத் தண்டின் அளவே பொறிக்கப்பட்டிருக்கும். அம்முறையில் 8-ல் 3 எனப் பொறித்த ஸ்பானரின் வாய் ஏறக்குறைய 18 மில்லிமீட்டர்! எழுத்தைப் படித்து வாங்கியவன் வீடு வந்து ஏமாறுவான்.

முறுக்கும் அளவிலும் இவ்விழிப்பு வேண்டும். முற்கூறிய சிறு போல்ட்டின் நட்டை 20 முதல் 25 அங்குல இராத்தல் அளவே முறுக்க வேண்டுமென்பது விதி. ஐரோப்பிய அளவில் இது 2.3 முதல் 2.8 நியூட்டன் மீட்டர் ஆகும். 25 என்னும் எண்ணை மட்டும் நோக்கி, 25 நியூட்டன் மீட்டர் முறுக்குவானாயின், வேண்டுவதினும் ஒன்பது மடங்கு ஆற்றல் போல்ட்டின் மேற்செல்லும். போல்ட்டு அறும், அல்லது அறும் நிலையில் இழுபட்டு நிற்கும். மேலும், மோட்டார் வண்டிக்கென விற்கும் முறுக்களவு ஸ்பானர்கள் இத்துணைச் சிறிய அளவைக் காட்டமாட்டா. மிதிவண்டி பழுதுபார்ப்போர்க்கென ஐரோப்பாவில் விற்கப்படும் சிறிய முறுக்களவுக் கருவிகள் இதற்குப் பொருந்துவன என்பது பலரும் அறியாத செய்தி.

'இத்துணைச் சிறு வேற்றுமையால் என்ன வந்துவிடும்?' என்று கேட்பார் உளராயின், அவர்க்கு 1990-ம் ஆண்டு ஜூன் 10-ம் நாள் நிகழ்ச்சியே விடை. அன்று இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரிலிருந்து ஸ்பெயின் தேசத்து மாலகாவுக்குச் சென்ற பயணிகள் விமானமொன்றின் முகப்புக் கண்ணாடி, 17,000 அடி உயரத்துக்கு மேல் திடீரெனப் பறந்துபோயிற்று. தலைமை விமானி இடுப்பு வரை வெளியே இழுக்கப்பட்டார். பணியாளர்கள் அவர் காலைப் பற்றிக்கொண்டே இருக்க, துணை விமானி ஊர்தியைச் சவுத்தாம்ப்டனில் இறக்கினார். நற்பேறாக ஒருவரும் இறந்திலர். ஆராய்ந்தபோது கண்டது யாது? அதற்குச் சிறிது காலம் முன்னர் அக்கண்ணாடியைப் பொருத்திய போல்ட்டுகள் 90-ல் 84, வேண்டிய தடிப்பினும் 0.66 மில்லிமீட்டர் மெலிந்தவை. பணி செய்தவர் பட்டியலைப் பாராது, பழைய போல்ட்டோடு புதியதைக் கண்ணால் ஒப்பிட்டு எடுத்துக்கொண்டார். 'கண் அளக்காததைக் கை அளக்குமா?' என்பது நம்மவர் பழமொழி. விமானத் தொழிலிலோ கண்ணும் போதாது, கையும் போதாது. அளவுகோலே அளக்க வேண்டும். தேர்ந்த பணியாளர்க்கே இங்ஙனம் நேர்ந்ததாயின், கொட்டகையில் தனித்திருந்து உழைக்கும் புதியவர்க்கு எத்துணை விழிப்பு வேண்டும்!

ஆகவே, ஆணியையும் போல்ட்டையும் நேரே தொடும் கருவிகளெல்லாம் அங்குல அளவின்படி அமைந்தனவாகவே இருத்தல் வேண்டும் என்பது முதல் விதி. எண்ணிட்ட துளையலகுகள், 100 பாகைக் குழிவலகு, தகட்டில் குழிவு அமுக்கும் அச்சுகள், தறையாணித் தலைக்கேற்ற குண்டிகள், காற்றுச் சுத்தியல், ஆணி நசுக்கும் கைக்குறடு ஆகியவை இவ்வினத்தன. காற்றுச் சுத்தியலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இரும்பு வெட்டுதற்கென மலிவாக விற்கும் காற்று உளிச் சுத்தியலும் பார்வைக்கு அதுபோலவே இருக்கும். ஆயின், விமானச் சுத்தியலின் விசை, விரல் அழுத்தத்துக்குத் தக மெல்லவும் வல்லென்றும் தட்டுமாறு அமைந்தது. மற்றதோ அவ்வாறு அடங்காது. மெல்லிய தகட்டைக் குழிசெய்து கெடுத்துவிடும். தகடுகளை ஆணியடிக்குமுன் தற்காலிகமாகப் பிணைத்து வைக்கும் 'கிளிக்கோ' என்னும் சிறு பிடிகள் நூற்றுக்கணக்கில் வேண்டும். அவற்றின் நிறமே அளவைக் காட்டும்: 32-ல் 3 அங்குலத் துளைக்கு வெள்ளி நிறம், 8-ல் ஒரு பங்கு அங்குலத் துளைக்குச் செம்பு நிறம். இங்கிலாந்தில் இவற்றைத் 'தோலூசி' எனப் பொருள்படும் பெயரால் வழங்குவர். விமானத்தின் மேற்றகடு அதன் தோல் என்னும் கருத்துப்பற்றி எழுந்த பெயர் அது.

இரண்டாம் விதி யாதெனின், மின்சாரத்தால் இயங்குவனவற்றை உள்ளூரிலேயே வாங்குக என்பது. அமெரிக்காவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ட்டு, வினாடிக்கு 60 சுழற்சி. ஐரோப்பாவில் 230 வோல்ட்டு, 50 சுழற்சி. மின்மாற்றி வோல்ட்டைக் குறைக்குமேயன்றிச் சுழற்சியை மாற்றாது. 60 சுழற்சிக்கென அமைந்த தூண்டல் மோட்டார் 50 சுழற்சியில் ஆறில் ஐந்து பங்கு வேகத்திலேயே ஓடி வெம்மையுறும். ஆதலின் சாணை, பட்டைவாள், துளையிடும் நிலைப்பொறி, காற்றழுத்தும் பொறி ஆகியவற்றைக் கடல் கடந்து வரவழைத்தல் அறிவின்மை. காற்றால் இயங்கும் கருவிகளுக்கோ இத்தடை இல்லை. காற்றுக்கு வோல்ட்டும் சுழற்சியும் ஏது? அமெரிக்கர் சதுர அங்குலத்துக்கு 90 இராத்தல் என்பதை ஐரோப்பியர் 6.2 பார் என்பர், அவ்வளவே.

ஆயின், காற்றிலும் ஒரு கண்ணி உண்டு. அது குழாய் மரை. அமெரிக்கச் சுத்தியலின் கால் அங்குலக் குழாய் மரை 60 பாகைக் கோணமும், அங்குலத்துக்கு 18 சுற்றும் உடையது. ஐரோப்பாவில் வழங்கும் கால் அங்குல மரையோ, விட்வொர்த் வழிவந்த 55 பாகைக் கோணமும் 19 சுற்றும் உடையது. இரண்டும் ஒன்றினுள் ஒன்று இரண்டொரு சுற்று நுழைந்து, பொருந்திவிட்டதுபோல் தோன்றும். பின்னர்க் காற்றுக் கசியும். வலிந்து முறுக்கின் மரை அழியும். இரண்டையும் இணைக்கும் இடைத்துண்டு ஒன்று சிறு காசுக்குக் கிடைக்கும். சுத்தியலை வரவழைக்கும் பொழுதே அதனையும் சேர்த்து வரவழைத்தால் பலநாட் காத்திருப்புத் தவிரும்.

இத்துறையில் ஐரோப்பாவே முன்னின்று தந்ததும் உண்டு. 1913-ல் இங்கிலாந்தின் ஹெண்டன் விமானக்களத்தில் விழுந்து ஒரு காலை இழந்தார் டெசூட்டர் என்னும் இளைஞர். அவருக்காக அவர் உடன்பிறந்தார், விமானத்துக்குரிய இலேசான டியூராலுமின் உலோகத்தால் ஒரு செயற்கைக் கால் செய்து கொடுத்தார். அதனின்று எழுந்த தொழிலகம், அவ்வுலோகத்தைத் துளையிடக் கருவி தேடி, நாளடைவில் காற்றால் இயங்கும் துளைக்கருவிகள் செய்வதிற் பெயர்பெற்றது. விமானம் பறித்த கால், விமானம் இயற்றும் கருவிக்கே வழிகாட்டிற்று. இன்றும் ஜெர்மனியின் ரெம்ஷைட், இங்கிலாந்தின் ஷெஃபீல்டு முதலிய ஊர்கள் உருக்குக் கருவிகளுக்குப் பெயர்போனவை. அரம், குறடு, தகடு வெட்டும் கத்தரி, பிடிகருவி, வெர்னியர் அளவி ஆகியவற்றை ஐரோப்பாவிலேயே சிறப்புற வாங்கலாம். அங்குல ஸ்பானர்களையும் ஜெர்மானியர் செய்து விற்கின்றனர். ஆணிவாலைத் தாங்கும் உருக்குக் கட்டையையும் ஊர்ப் பட்டறையில் வெட்டி, முகத்தைப் பளிங்குபோல் மெருகிட்டுக் கொள்ளலாம். அளவைக் காட்டாது கனத்தை மட்டும் காட்டும் கருவிக்குத் தேசம் ஏது?

இக்கட்டை முதலிய கனத்த பொருள்களைக் கடல் கடந்து வரவழைத்தல் வீண் செலவு. 'சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்காற்பணம்' என்பது இவர்க்கெனவே சொன்னதுபோலும். அன்றியும், சுமைகூலியோடு செலவு முடிவதில்லை. ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் பொருளுக்கு மதிப்புக் கூட்டு வரி உண்டு. அவ்வரி பொருளின் விலைக்கு மட்டுமன்று. சுமைகூலி, காப்புறுதி, சுங்கத் தீர்வை ஆகியவற்றையும் கூட்டிய தொகைக்கு விதிக்கப்படுவது. 1000 யூரோ விலையுள்ள கருவிகளுக்குச் சுமைகூலி 200 யூரோ எனக் கொள்வோம். தீர்வையை நீக்கிப் பார்ப்பினும், 19 விழுக்காட்டு வரி வாங்கும் ஜெர்மனியில் வரி 228 யூரோ. 27 விழுக்காடு வாங்கும் ஹங்கேரியில் 324 யூரோ. ஆயிரம் என்று எண்ணி வாங்கியது ஆயிரத்து ஐந்நூறாய் வந்து நிற்கும். முன்னர் 22 யூரோவுக்கு உட்பட்ட சிறு பொதிகளுக்கு இவ்வரி இல்லை. 2021 ஜூலை 1 முதல் அச்சலுகையும் ஒழிந்தது. ஆகவே, வேண்டியவற்றைச் சிறுகச் சிறுகப் பலகால் வரவழைப்பதினும், பட்டியலிட்டு ஒருங்கே வரவழைத்தல் நன்று. அதனினும் நன்று, ஓரூரில் விமானம் இயற்றுவோர் இருவர் மூவர் கூடி ஒரே பொதியாக வரவழைத்துச் சுமைகூலியைப் பகிர்ந்துகொள்ளல்.

ஒரு காலத்தில் கண்டத்திலுள்ளோர் இக்கருவிகளை இங்கிலாந்து வணிகரிடம் தடையின்றிப் பெற்றனர். அந்நாடு ஒன்றியத்தை விட்டு நீங்கிய பின், 2021 ஜனவரி 1 முதல் இங்கிலாந்திலிருந்து வரும் பொதியும் சுங்கத்தைக் கடந்தே வரவேண்டும். ஆதலின், ஒன்றியத்துக்குள்ளேயே அமெரிக்க விமானக் கருவிகளை வாங்கி வைத்து விற்போர் விலை சற்று மிகுதியாகத் தோன்றினும், வரியும் கூலியும் அதனுள் அடங்கியுளவா என்று கணக்கிட்டுப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். விலைச்சீட்டில் உள்ள எண் விலையன்று. பொருள் வாயிலை வந்தடையும்போது கைவிட்டுப் போன தொகையே விலை.

மூன்றாம் விதி காலத்தைப் பற்றியது. ஆர்வமிகுதியால் எல்லாக் கருவிகளையும் முதல் நாளே வாங்கிக் குவித்துவிட்டு, வால் பகுதியையும் முடிக்காமல் கைவிட்டோர் உளர். பெட்டியில் வரும் விமானம் பெரும்பாலும் பகுதி பகுதியாகவே விற்கப்படுகின்றது. முதலில் வருவது வால். வாலுக்கு வேண்டிய கருவிகளை மட்டும் வாங்கி, அதனை முடித்துப் பார்த்து, தன் கைக்கும் மனத்துக்கும் இத்தொழில் இசையுமா என்று அறிந்த பின்னரே மேற்செல்லுதல் அறிவுடையார் செயல். மேலும், சில கருவிகள் விமானம் முழுதும் இயற்றுங்கால் இரண்டொரு நாளே பயன்படும். அவற்றை இரவல் பெறலாம். பிரான்சிலும் இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் விமானம் இயற்றுவோர் சங்கங்கள் உண்டு. பிரெஞ்சுச் சங்கமும் ஆங்கிலச் சங்கத்தின் மூலமும் 1946-ல் தோன்றியவை. அங்கே கருவி மட்டுமன்று, அதனினும் அரிய அறிவுரையும் இரவலாகக் கிடைக்கும்.

தம் விமானத்தை முடித்தோர் கருவிகளை விற்பதும் உண்டு. நன்கு பேணிய கருவி விலை குன்றாது. ஆதலின் அதனை வாங்குவோர் பின்னர்த் தாமும் விற்றுவிடலாம். ஆனால், பழங்கருவி வாங்குவோர் அதன் முகத்தை வெளிச்சத்தில் வைத்து நோக்க வேண்டும். குழிவு அச்சிலோ ஆணிக்குண்டியிலோ ஒரு கீறல் இருப்பின், அக்கீறல் அமுக்கும் ஒவ்வொரு தகட்டிலும் பதியும். கிளிக்கோக்களின் வில் தளர்ந்திருப்பின் தகடுகள் நழுவும். மோட்டார் பட்டறையில் பொறுக்கத்தக்க குற்றம் ஈண்டுப் பொறுக்கத்தக்கதன்று.

கருவிகள் வந்து சேர்ந்தபின் செய்ய வேண்டுவது யாது? உடனே விமானத் தகட்டில் கை வைத்தல் அன்று. கழிவுத் தகடு இரண்டை எடுத்து, துளையிட்டு, பிசிறு நீக்கி, ஆணியிட்டுத் தட்டிப் பார்க்க வேண்டும். நசுங்கிய வாலின் அகலம் ஆணித்தடிப்பில் ஒன்றரை மடங்கும், உயரம் அரை மடங்கும் இருத்தல் விதி. 3.175 மில்லிமீட்டர் ஆணிக்கு இஃது ஏறக்குறைய 4.8 மில்லிமீட்டர் அகலமும் 1.6 மில்லிமீட்டர் உயரமும் ஆகும். வெர்னியர் அளவியால் அளந்து பார்த்து, பின் ஆணியைத் துளைத்தெடுத்து, துளை கோணாமல் நிற்கின்றதா என்றும் நோக்க வேண்டும். இவ்வாறு பலகால் செய்து கை பழகிய பின்னரே விமானத்தைத் தொடத் தகும். கருவியின் குற்றமும் கையின் குற்றமும் கழிவுத் தகட்டிலே வெளிப்படின் செலவு சில காசு. சிறகிலே வெளிப்படின் செலவு பெரிது. வானிலே வெளிப்படின் அதற்கு விலையில்லை.

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்குவோம். ஆணியைத் தொடுவது ஆணியின் தேசத்து அளவினதாக இருக்க. மின்சாரத்தைத் தொடுவது வீட்டின் தேசத்து மின்சாரத்துக்கு உரியதாக இருக்க. கனமானது ஊரிலேயே கொள்ளப்படுக. ஒருநாட் கருவி இரவலாக வருக. எதுவும் வேண்டும்பொழுதே வாங்கப்படுக. இவ்வைந்தும் மனத்திற் பதிந்தவன் பொருளிழவான். உயிரையும் அஞ்சாது வானில் ஏறுவான் அல்லன். அஞ்ச வேண்டியதற்கு அஞ்சி, அதனைத் தரையிலேயே தீர்த்துக்கொண்டு ஏறுவான்.

மாணவ நேயர்களே! நம்முள் விமானம் இயற்றப் போவோர் மிகச் சிலரே. ஆயினும், ஏதேனும் ஒரு தொழிலுக்குக் கருவி கொள்ளாதார் நம்முள் எவரும் இலர். வேதியற் கூடத்துத் தராசும், வைத்தியன் கத்தியும், எழுதுவோன் சொல்லும் கருவிகளே. பொருந்துவதுபோல் தோன்றுவதற்கும் பொருந்துவதற்கும் உள்ள இடைவெளி மயிரிழையளவே. அவ்விழையை அளந்தறியப் பொறுமையுடையானுக்கே செய்தொழில் தாங்கி நிற்கும். ஏதோ ஓர் ஐரோப்பிய ஊரில், மாலை விளக்கொளியில், மனைவி மக்கள் உறங்கிய பின்னும் ஒரு துளையை இரண்டாம் முறை அளந்துகொண்டிருக்கும் மனிதனை நாம் நினைத்துப் பார்ப்போமாக. ஆண்டுகள் சில சென்றபின் தன் பிள்ளையை அருகிருத்தி அவன் வானில் எழும்பொழுது, அவர்களைத் தாங்கி நிற்பது எஞ்சின் மட்டுமன்று. அன்றிரவு அவன் இரண்டாம் முறை அளந்த அளவும் ஆம்.